ஜவுளிக்கடை வேலைக்குப் பூனம் சேலை, மழித்த முகம், பூ கூடாது: முதலாளி எதுவரை விதி போடலாம்?

சேரன்மகாதேவி செல்வி

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கடைப் பெயர் இங்கே வேண்டாம். சித்திரை பிறந்த கையோடு ஊழியர்கள் சாப்பிடும் இடத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

பெண்கள் தினமும் கடை கொடுக்கும் அரக்கு நிறப் பூனம் சேலைதான் (செயற்கை இழைத் துணி) கட்ட வேண்டும். மடிப்பு எடுத்துத் தோளில் பின் குத்தியிருக்க வேண்டும். கொண்டை போட்டு வலை மாட்ட வேண்டும். பூ வைக்கக் கூடாது, கண்ணாடி வளையல் கூடாது, தாலிச் செயின் வெளியே தெரியக் கூடாது. ஆண்கள் தினமும் முகம் மழிக்க வேண்டும், தாடிக்கு இடமே இல்லை, கையில் கயிறு கட்டக் கூடாது. எது தவறினாலும் தடவைக்கு 100 ரூபாய் சம்பளத்தில் பிடிப்பார்களாம். இரண்டு சேலைக்கு 1,400 ரூபாய், அதுவும் சம்பளத்தில்தான்.

இவள் சம்பளம் 9,500. கடையில் உடை மாற்ற ஓர் அறை கிடையாது. அதனால் வீட்டிலேயே அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, மகளிர் பஸ் நெரிசலில் கசங்கி வந்து, கடை வாசலில் "மடிப்பு சரியில்லை" என்று பேச்சு வாங்குகிறாள். இந்த வெயிலில் பூனம் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டு இடுப்பைச் சுற்றி வேர்க்குரு. நாள் முழுக்க நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும்.

இதில் எது நியாயம், எது அத்துமீறல்? வேலைக்கு ஆபத்து வராமல் எப்படிப் பேசுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரதவீதி வியாபாரி

தங்கச்சி, நான் டவுனில் நெல்லையப்பர் கோயில் பக்கம் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். முதலாளி பக்கம் உள்ள நியாயத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா.

சீருடை அவசியம்தான். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் வந்து பாருங்கள், யார் வாங்க வந்தவர், யார் நம்ம பிள்ளை என்று எனக்கே தெரியாது. சீருடை இருந்தால் கேட்கிறவர் சரியான ஆளிடம் கேட்பார். இன்னொன்று, தினமும் ஒரு புதுச் சேலை கட்டி வர வசதி இல்லாத பிள்ளைக்கும் அது நிம்மதி.

வளையலுக்குக் காரணம் உண்டு. பட்டுச்சேலையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டும்போது கண்ணாடி வளையலின் ஒட்டு விளிம்பு ஜரிகையில் மாட்டினால் ஓர் இழை சர்ரென்று வந்துவிடும். அப்புறம் அந்தச் சேலையைத் தள்ளுபடியில்தான் தள்ள வேண்டும். நீள நகமும் அப்படித்தான். பிச்சிப்பூ இதழ் ஒன்று மடிப்புக்குள் விழுந்து நசுங்கினால் மறுநாள் பழுப்புக்கறை. தாலிச் செயின்கூட குனிந்து சேலை அடுக்கும்போது மாட்டிக்கொள்ளும்.

ஆனால் சேலைக்குக் காசு பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைக்காக உடுத்துகிற துணிக்குக் கடைதான் காசு போட வேண்டும். ஜவுளி விற்கிறவன் தன் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுக்கக் கணக்குப் பார்க்கலாமா? அந்த 100 ரூபாய் அபராதமும் தப்பு. சொல்லிப் பார்க்கலாம், கண்டிக்கலாம். வயிற்றில் கை வைக்கக் கூடாது.

பணகுடி காற்றாலை

எங்கள் வேலையில் உடை என்பது உயிர். காற்றாலைக் கோபுரத்தில் ஏறும்போது தொளதொளச் சட்டை, மோதிரம், கழுத்துச் செயின், அரைஞாண் வெளியே தொங்குவது எதற்கும் அனுமதி இல்லை. ஏணியில் இறங்கும்போது மோதிரம் ஒரு கொக்கியில் மாட்டினால் உடம்பு கீழே வரும், விரல் மேலேயே நிற்கும். மின்பெட்டி பக்கம் உலோகமே கூடாது. கையில் சாமிக் கயிறு கட்டியிருப்பவர்கள் கழற்றி, கீழே பையில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். இதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது, ஏனென்றால் முதல் நாளே காரணத்தைக் கண் முன்னால் காட்டிவிடுகிறார்கள். ஹெல்மெட், ஷூ, இடுப்புக் கச்சை எல்லாம் கம்பெனி செலவு.

துணிக்கடையில் ஓர் ஆம்பளைப் பையன் கையில் கறுப்புக் கயிறு கட்டினால் யாருக்கு என்ன ஆபத்து என்று எனக்குப் புரியவில்லை.

பாளை வக்கீல்

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடை விதி போட முதலாளிக்கு உரிமை உண்டு. தனியார் கடையில் "இது என் அடிப்படை உரிமை" என்று நேரடியாக வழக்குப் போடுவது எளிதில்லை, அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிரானவை. எனவே விதியை ஒட்டுமொத்தமாக எதிர்த்துப் பேச வேண்டாம். அந்த விதியை வைத்துப் பணம் பிடிக்கிறார்களே, உங்கள் கை ஓங்கும் இடம் அதுதான்.

அபராதத்தைப் பற்றி 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்தே தெளிவான கட்டுப்பாடு உண்டு, 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே கட்டுப்பாடு தொடர்கிறது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்பதை அரசோ உரிய அதிகாரியோ முன்கூட்டி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அதை அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். அபராதம் போடும் முன் ஊழியரிடம் விளக்கம் கேட்க வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தவணை முறையில் பிடிக்கக் கூடாது, தவறு நடந்து 90 நாள் கழித்தும் பிடிக்கக் கூடாது. பிடித்த பணத்தைப் பதிவேட்டில் எழுதி, ஊழியர் நலனுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். முதலாளி கல்லாவுக்குப் போகக் கூடாது.

உங்கள் தங்கச்சி சம்பளம் 9,500 என்றால் மாதத்துக்கு 285 ரூபாய்தான் உச்சம். மூன்று தடவை 100 பிடித்தாலே சட்டத்தை மீறியாயிற்று. கடை மேனேஜர் ஒரு தாளை அச்சடித்து ஒட்டியதால் மட்டும் அது செல்லாது, அரசு ஒப்புதல் எங்கே என்று கேட்கலாம்.

சேலைப் பணமும் அப்படியே. சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதற்கு வெளியே கை வைக்க முடியாது. சம்பளச் சீட்டில் 1,400 ரூபாயை என்ன தலைப்பில் பிடித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் இருக்கும் தாளையும்.

கடைசியாக, நின்றுகொண்டே இருப்பது. 1947 தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்துகொடுத்தே ஆக வேண்டும். கேரளத்தில் 2018இலேயே வந்துவிட்டது. ஸ்டூல் போடாமல் மடிப்பு சரியில்லை என்று வாசலில் நிறுத்துகிற கடைக்கு, முதலில் இந்தப் பிரிவைத்தான் படித்துக் காட்ட வேண்டும்.

தச்சநல்லூர் வேட்டி

வக்கீல் சார், வேட்டிக்கு ஒரு சட்டம் வந்ததே? எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகூட வேட்டி கூடாது என்கிறார்கள்.

பாளை வக்கீல்

2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அதற்கு அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. கிளப், திரையரங்கு மாதிரியான பொது இடத்துக்குள் நுழையும் உரிமை பற்றியது அது. வேலைக்கு என்ன உடுத்துவது என்பதற்குப் பொருந்தாது. உங்களுக்கு உதவக்கூடியது வேறு: 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த ஆணை. அதில் ஆண்களுக்குப் பேன்ட் சட்டையோடு வேட்டியும் உண்டு, பெண்களுக்குச் சேலையோடு சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதாரும் உண்டு. தனியாரை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் கோட்டையிலேயே சுடிதாருக்கு இடம் இருக்கும்போது கடையில் ஏன் இல்லை என்று கேட்க அது நல்ல பிடி.

சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டோடு நிற்கிற தொழில் எங்களுடையது. பார் கவுன்சில் விதியிலேயே உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் தவிர மற்ற இடங்களில் கோடைக்காலத்தில் கோட் கட்டாயமில்லை என்று இருக்கிறது. வெயிலைப் பார்த்து விதியைத் தளர்த்துவதால் நீதிமன்றத்தின் மரியாதை குறையவில்லை.

வார்டு நர்ஸ்

நான் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்கும் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கூடாது. மோதிரத்துக்கு அடியில் சோப்புப் போகாது, அந்த ஈரத்தில் கிருமி தங்கும். நகம் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கைகழுவும் வழிகாட்டியிலேயே இருக்கிறது: செயற்கை நகம் வைத்துக்கொண்டு நோயாளியைத் தொடக் கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது என்ற விதி என்னோடு நிற்காது, ரவுண்ட்ஸ் வருகிற பெரிய டாக்டருக்கும் அதுதான். அவர் தங்க வாட்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கை கழுவுவதைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பார்க்கிறார்கள், அப்புறம் யாரும் முணுமுணுப்பதில்லை. செல்வி அக்கா, உங்கள் தங்கச்சி கடையில் மேனேஜர் தினமும் முகம் மழித்துத்தான் வருகிறாரா? முதலாளி வீட்டு அம்மா கடைக்கு வரும்போது பூ வைத்திருக்கிறார்களா? இதைத் தங்கச்சியிடம் கேளுங்கள்.

மேலப்பாளையத்தான்

தாடி பற்றிப் பேச வேண்டும். எங்கள் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் ஜங்ஷன், வண்ணார்பேட்டை கடைகளில் வேலை பார்க்கிறார்கள். தாடி எங்களுக்கு அலங்காரம் இல்லை, மார்க்கம். மார்க்கத்தையும் விட முடியாது, வேலையையும் விட முடியாது என்று ஒரு பையன் என்னிடம் வந்து நின்றபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

2024 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. மக்காவுக்குப் போய்விட்டுத் தாடியோடு பணிக்குத் திரும்பிய காவலர் ஒருவருக்குச் சம்பள உயர்வை நிறுத்தித் தண்டனை கொடுத்திருந்தார்கள். 1957ஆம் ஆண்டு மெட்ராஸ் போலீஸ் கெசட்டிலேயே முஸ்லிம் காவலர்கள் பணியிலும் தாடி வைக்க இடம் இருப்பதை எடுத்துக்காட்டி, அந்தத் தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது. போலீஸ் உடுப்புக்கே ஒத்துவரும் தாடி, வேட்டி துண்டு எடுத்துக் காட்டுகிற கவுன்டருக்கு ஒத்துவராதா?

பாளை வக்கீல்

அண்ணாச்சி சொன்ன தீர்ப்பு சரி. அதே தாடி விஷயத்தில் 2016இல் விமானப்படை வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிக்குத்தான் ஆதரவாக நின்றது. இரண்டுமே அரசுப் பணி, அந்தந்தப் படையின் விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத் தீர்ந்தவை. தனியார் கடையில் அதை நேராகக் காட்ட முடியாது. ஆனால் "சுத்தமாக, ஒழுங்காக வெட்டிய தாடி" என்று விதியை மாற்றச் சொல்லிக் கேட்பதில் ஒரு தடையும் இல்லை, பல இடங்களில் அப்படித்தான் தீர்கிறது.

கங்கைகொண்டான் எச்.ஆர்.

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மேலே பேசிய தாடி, கயிறு எல்லாமே எங்களுக்குக் கார்த்திகை ஒன்றாம் தேதி மொத்தமாக வந்து நிற்கும். சபரிமலைக்கு மாலை போட்டால் மழிக்கக் கூடாது, கறுப்பு வேட்டி, செருப்பு போடக் கூடாது. புரட்டாசியில் குலசை (குலசேகரப்பட்டினம்) தசராவுக்கு மாலை போடுகிறவர்கள் தனி. ஒரு ஷிஃப்டில் பாதிப் பேர் சாமியாக இருப்பார்கள். இந்தப் பக்கத்தில் தொழிற்சாலை நடத்திக்கொண்டு "தாடி கூடாது" என்று தாள் ஒட்டினால் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு?

நாங்கள் செய்வது இது. மாலை போடுவதற்கு முன்னாலேயே சூப்பர்வைசர் ஒவ்வொருவரிடமும் பேசிவிடுவார். தாடிக்குத் தடை இல்லை. முகத்தோடு ஒட்டும் சுவாசக் கவசம் மாட்டுகிற இடத்தில் மட்டும் முடியாது, தாடி இருந்தால் கவசம் தோலோடு படியாமல் ஓரத்தில் காற்றுக் கசியும். அந்த இடத்து ஆளை விரத நாள் முடியும்வரை பேக்கிங் பக்கம் மாற்றிவிடுவோம். மாலையைச் சட்டைக்குள் போட்டு மேல் பட்டனை மாட்ட வேண்டும். வெறுங்காலுக்கு மட்டும் இடம் கொடுப்பதில்லை. "சாமி, வாசல்வரை உங்க விரதம், உள்ளே ஷூ" என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் அந்த நாற்பத்தொரு நாளில் பாதியை விடுப்பாக எடுத்துக்கொள்வார்கள், அதற்கும் ஆள் கணக்குப் போட்டு வைப்போம்.

சாமி கும்பிடுகிறவருக்கும் தொழுகிறவருக்கும் ஒரே அளவுகோல்தான். கவசம் மாட்டும் இடமா, இல்லையா? அதைத் தாண்டி நாங்கள் கேட்பதில்லை.

விகேபுரம் பெரியவர்

பிள்ளைகள் பேசுவதைப் பார்த்தால் விதியே வேண்டாம் என்பது போல இருக்கிறது. நான் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மெஷின் ஓடும் இடத்தில் இறுக்கமான உடை வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவிலேயே இருந்தது. அதை அலட்சியம் செய்து கை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உடுப்பில் ஒழுங்கு இருந்தால்தான் வேலையில் ஒழுங்கு வரும். காலையில் குளித்து, முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டு ஷிஃப்டுக்குப் போனால் உடம்பே வேலைக்குத் தயாராகும். இதையும் இளம் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

ரதவீதி வியாபாரி

பெரியவரே, ஒழுங்கு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன அதே பிரிவில் அந்த இறுக்கமான உடையை ஆலைக்காரரே கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. அதைத்தான் நானும் கேட்கிறேன்.

விகேபுரம் பெரியவர்

அது சரி. எங்கள் காலத்தில் உடுப்புக்குச் சம்பளத்தில் கை வைத்திருந்தால் யூனியன் கேட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அல்வாக்கடை மாப்பிள்ளை

அல்வாக் கிண்டும் அடுப்படியிலும் இதே பஞ்சாயத்து உண்டு. உணவுப் பாதுகாப்பு விதிப்படி தலைக்கு உறை, சுத்தமான மேலுடை, வெட்டிய நகம். ஆனால் கோதுமைப்பால் நெய்யோடு திரண்டு வரும் நேரத்தில் கொப்பரை முன்னால் நிற்கும் சூடு இருக்கிறதே, சட்டையைக் கழற்றிவிட்டு லுங்கியை மடித்துக் கட்டுவதுதான் பழக்கம். வேர்வை கொப்பரையில் விழுந்தால் யார் பொறுப்பு? அதனால் விதி வேண்டும். ஆனால் விதி போடுகிறவர் முதலில் புகைபோக்கியும் காற்றாடியும் போட்டுக் கொடுக்கட்டும். நாங்கள் கையில்லாத பருத்தி மேலாடை தைத்துக் கொடுத்தோம், ஆளுக்கு நாலு. நாலு இருந்தால்தான் ஈரம் காய்ந்து மறுநாள் போட முடியும். இரண்டு சேலையை வைத்துக்கொண்டு ஐப்பசி அடைமழையில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

சேரன்மகாதேவி செல்வி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தங்கச்சியிடம் இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். நர்ஸ் அக்கா கேட்டதற்குப் பதில்: முதலாளி வீட்டு அம்மா வெள்ளிக்கிழமை தலை நிறையப் பிச்சியோடுதான் வருவார்களாம்.

பட்டுப் பிரிவில் வளையல், நகம், பூ பற்றி ரதவீதி அண்ணாச்சி சொன்னது நியாயம் என்று தங்கச்சியே சொல்கிறாள். போன வருஷம் ஒரு முகூர்த்தப் பட்டில் இழை வந்து கடையே அல்லோலப்பட்டதாம். ஆனால் கல்லாவில் பில் போடுகிற பிள்ளைக்கும், குடோனில் மூட்டை இறக்குகிற பையனுக்கும் அதே விதி எதற்கு என்றுதான் கேட்கிறாள். காரணத்தை ஒருவரும் சொன்னதில்லை, தாள் மட்டும்தான் ஒட்டினார்கள்.

சம்பளச் சீட்டைப் பார்த்தோம். "இதர பிடித்தம் 700" என்று மட்டும் இருக்கிறது. இரண்டு மாதமாகப் பிடித்திருக்கிறார்கள். இனி என்ன செய்வது?

பாளை வக்கீல்

தனியாகப் போக வேண்டாம். ஒருத்தி போனால் "அவளுக்குத்தான் பிரச்சினை" என்று ஆகிவிடும். பிரிவுக்கு ஒருவராகச் சேர்ந்து, கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தோடு போகட்டும். கடிதத்தில் சண்டைச் சொல் வேண்டாம். சீருடையை ஏற்கிறோம், பட்டுப் பிரிவில் வளையல், பூ தவிர்க்கிறோம் என்று முதலில் எழுதுங்கள். அதற்கப்புறம் கேளுங்கள்: சேலைப் பணம் திரும்ப வேண்டும், அபராதத்தை நிறுத்த வேண்டும், உடை மாற்ற அறை, உட்கார ஸ்டூல், வெயில் காலத்துக்குப் பருத்தி அல்லது சுடிதார், தாடிக்கு ஒழுங்கு மட்டும். ஒரு நகலைக் கையில் வைத்திருங்கள். கேட்கவில்லை என்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அபராதப் பதிவேட்டைக் கொண்டுவா என்று அவர்கள் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சேரன்மகாதேவி செல்வி

நேற்றுப் பேசிவிட்டார்கள். பதினோரு பேர் போனார்கள், விகேபுரம் பெரியவர் மாதிரி ஒரு மூத்த கேஷியர் முன்னால் நின்றாராம்.

மேனேஜர் முதலில் குரலை உயர்த்தியிருக்கிறார். 3 சதவீதம், அரசு ஒப்புதல் என்று கடிதத்தில் பார்த்ததும் முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறார். அபராதம் இன்றோடு நின்றது. சேலைப் பணத்தைத் தீபாவளி போனஸோடு சேர்த்துத் தருகிறோம் என்றார்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. பிரிவுக்கு இரண்டு ஸ்டூல் வந்திருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டிகளை எடுத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இனி அங்கே உடை மாற்றிக்கொள்ளலாம். பூவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் அனுமதி, பட்டுப் பிரிவு தவிர. தாடி விஷயத்தில் முதலாளி பிடி கொடுக்கவில்லை. மேலப்பாளையம் அண்ணாச்சி, உங்கள் பக்கத்துப் பையன் ஒருவனும் அந்தப் பதினோரு பேரில் இருந்தான். அவனுக்காக மறுபடி கேட்பதாக மற்ற பத்துப் பேரும் சொல்லியிருக்கிறார்கள்.

துணி பற்றி: பூனத்துக்குப் பதில் பருத்தி தரலாம், விலை விசாரித்துச் சொல்லுங்கள் என்று மேனேஜரே சொல்லிவிட்டார். நூறு சேலைக்கு மேல் தேவைப்படும். கஞ்சி போடாமல் கட்டினாலும் மடிப்பு நிற்கிற மாதிரி எங்கே கிடைக்கும்?

ரதவீதி வியாபாரி

வீரவநல்லூருக்குப் போங்கள் தங்கச்சி, உங்கள் ஊருக்குப் பக்கம்தான். அங்கே கைத்தறிக்காரர்களிடம் ஒரே நிறத்தில் மொத்தமாகச் சொன்னால் நெய்து தருவார்கள். அரக்கு நிறம் முதல் துவைப்பில் சாயம் போகிறதா என்று ஒரு சேலையை நனைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். ஆளுக்கு நாலு என்று கணக்குப் போடுங்கள், அல்வாக்கடை மாப்பிள்ளை சொன்னது சரி. நெசவுக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும், தனிச்செய்தியில் விவரம் அனுப்புகிறேன்.